கண்டிப்பு யார் மீது?

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனதால் காகிதத்தை எடுத்துவிட்டேன். சட்டக் கல்லூரி முதலாமாண்டு மாணவிக்கு நீளமாகப் படிக்கிற பழக்கம் இப்போதே வரட்டும். மீமிசலில் லீவுக்கு இருக்கும்போதே படித்து முடித்துவிடு.

நீ கேட்டது இது: "டார்ட்ஸ் (தீங்கியல்) வகுப்பில் கண்டிப்பான பொறுப்பு என்கிறார்கள். கிரிமினல் வகுப்பில் தண்டனைச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பொருள்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சிவில் பக்கம் போனால் கண்டிப்பான முறையில் நிரூபிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால், விளக்கு வைப்பதற்குள் படியேறிவிட வேண்டும் என்று அப்பா கண்டிப்பு. தம்பிக்கு மட்டும் அது கிடையாது. எல்லாம் ஒரே கண்டிப்பா மாமா?"

ஒன்றல்ல. நம் பேச்சில் கண்டிப்பு எப்போதும் மேலிருந்து கீழே இறங்கும். வாத்தியார் மாணவனிடம் கண்டிப்பு, முதலாளி வேலையாளிடம் கண்டிப்பு, அதிகாரி மனு கொடுக்க வந்தவரிடம் கண்டிப்பு. "எங்கள் பையன் ஹெட்மாஸ்டரிடம் ரொம்பக் கண்டிப்பாக இருப்பான்" என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டாய். சட்டத்தில் இந்தச் சொல் வரும் இடங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார். பெரும்பாலும் அது எதிர்த்திசையில் போகும். எந்தக் கையில் பலம் அதிகமோ அந்தக் கையைப் பிடிக்கத்தான் அங்கே கண்டிப்பு வரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உன் மூன்று வகுப்பும் ஒரே பாடமாகிவிடும்.

முதலில் பொறுப்பு. சாதாரணமாக ஒருவரிடம் நட்டஈடு கேட்டால், அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று கேட்பவர்தான் காட்ட வேண்டும். கண்டிப்பான பொறுப்பு என்றால் அந்தச் சுமை இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தன் ஆலைக்கு ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். வேலையைச் செய்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. 1860 டிசம்பரில் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கிப் பக்கத்து ஃப்ளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. ரைலண்ட்ஸ் தனிப்பட்ட முறையில் எந்தத் தவறும் செய்யவில்லை. இருந்தும் 1868இல் பிரபுக்கள் சபை அவரைப் பொறுப்பாளி ஆக்கியது. வெளியே போனால் கெடுதல் செய்யக்கூடிய ஒன்றைத் தன் லாபத்துக்காகத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர், அது வெளியே போனால் வருவதை ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இதே மாதிரி ஒரு தண்ணீர் வழக்கு மதராஸ் மாகாணத்திலிருந்தும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. உன் பாடப்புத்தகத்தில் இது அடிக்குறிப்பாகத்தான் இருக்கும். நமக்கு இதுதான் முக்கியம். கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையில் ஏரி உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்திவிட்டது. கம்பெனி ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் காட்டி ஜமீன்தாரிடம் நட்டஈடு கேட்டது. 1874இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. இந்தியாவில் ஏரி என்பது ஒருவர் தன் ஆதாயத்துக்காகப் புதிதாகக் கொண்டுவந்த ஆபத்து அல்ல. காலங்காலமாக ஊர் வயல் அதை நம்பித்தான் இருக்கிறது, அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, ஆகவே கவனக்குறைவைக் காட்டினால் ஒழியப் பொறுப்பில்லை என்றது. ஆவுடையார்கோயில் தாலுகாவில் பிறந்த உனக்குக் கண்மாய் என்றால் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் தேங்கி நின்றது தண்ணீர்தான். அதை யார், யாருக்காகத் தேக்கினார் என்பதைப் பார்த்துத்தான் கண்டிப்பு வந்தது, அல்லது வராமல் போனது.

நம் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் ஒரு படி இறுக்கியது. போபால் விஷவாயுக் கசிவு நடந்து ஓராண்டு முடிந்திருந்த வேளையில், 1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதி அமர்வு தீர்ப்பளித்தது. ரைலண்ட்ஸ் விதியில் சில விலக்குகள் உண்டு: இயற்கைச் சீற்றம், மூன்றாம் ஆள் செய்த வேலை என்று காரணம் சொல்லித் தப்பலாம். ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு அந்த விலக்கு எதுவும் கிடையாது என்றது இந்த அமர்வு. கூடவே இன்னொன்றும் சொன்னது: நிறுவனம் எவ்வளவு பெரியதோ, எவ்வளவு வசதியானதோ, அவ்வளவு அதிகமாக நட்டஈடு. பலத்துக்குத் தகுந்த கண்டிப்பு என்று தீர்ப்பிலேயே எழுதிவைத்த இடம் இது. 'முழுமையான பொறுப்பு' என்று உன் புத்தகம் சொல்வது இதைத்தான்.

உன் வீட்டு வாசலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதி ஒருவர் இறந்துபோனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி 5 லட்சமும், கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சமும் கேட்கலாம். ஓட்டியவர்மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகையில் மின்கம்பி அறுந்து தெருவில் கிடக்கும். அப்படி ஒரு மழை இரவில், தெருவில் கிடந்த கம்பியில் சைக்கிளோடு மாட்டி ஒருவர் இறந்த மத்தியப் பிரதேச வழக்கில், "வேறு யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்ட கம்பி" என்று மின்வாரியம் சொன்ன சாக்கை 2002இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. மின்சாரத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள்தானே என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, சட்டத்தைக் கண்டிப்பாகப் பொருள்கொள்வது. இதைக் கேட்டதும் 'சட்டத்தைக் கடுமையாகப் பிரயோகிப்பது' என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு என்றால், அதில் உள்ள சொற்களுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். அரசுக்கு வசதியாக அதை இழுக்கக் கூடாது. 1954இல் தோலாராம் வழக்கு என்று ஒன்று வந்தது. பம்பாய் வாடகைச் சட்டப்படி, வீட்டைக் குத்தகைக்கு விடும்போது வாடகைக்கு மேல் தனியாகப் பகடித் தொகை வாங்கினால் குற்றம். ஒருவர் கட்டி முடிக்காத கட்டடத்தைக் காட்டி, பின்னால் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கிவிட்டார். செய்தது நல்ல காரியம் அல்ல. ஆனால் சட்டம் சொன்னது குத்தகையை. அவர் போட்டது குத்தகை தருவதாக ஓர் ஒப்பந்தம். ஒரு தண்டனைப் பிரிவுக்கு இரண்டு பொருள் நியாயமாகக் கிடைத்தால், தண்டனையிலிருந்து விலக்கும் பொருளையே எடுக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. கண்டிப்பு இங்கே யார் மேல் விழுந்தது பார்த்தாயா? வீட்டுக்காரர்மேல் அல்ல, சட்டத்தை எழுதிய அரசின்மேல். சொல்ல நினைத்ததை ஒழுங்காகச் சொல், இல்லாவிட்டால் ஒருவரை உள்ளே தள்ளாதே.

மூன்றாவது, நிரூபணம். நம் ஊர் முன்சீப் கோர்ட்டுகளில் தாக்கலாகும் எதிருரை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படி. பிராதில் உள்ளதை எல்லாம் மறுத்துவிட்டு, "மேற்படி சங்கதிகளை வாதி கண்டிப்பான முறையில் நிரூபிக்கக் கடமைப்பட்டவர்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். டைப் அடிப்பவருக்கு அது கை பழகிய வரி. படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த வரியில்தான் நீதிமன்றத்தின் உயிர் இருக்கிறது. இன்னொருவரைக் கூண்டில் ஏற்றுகிறவன், அதற்கான பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நாம் கண்டிப்பான ராஜா என்று நினைத்துக்கொள்கிறோம். அவனிடம் இருந்தது கடுமை. கண்டிப்பு இருந்திருந்தால் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டதும் ஆளை அனுப்பியிருக்க மாட்டான். முதலில் சிலம்பை உடைத்து, உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்த்திருப்பான். கோவலனிடம் கடுமை காட்ட ஒரு வாக்கு போதுமாக இருந்தது. பொற்கொல்லனிடம் கண்டிப்புக் காட்ட அரசனுக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு சொன்னதும் நீ மடக்குவாய் என்று தெரியும்: சட்டத்தின் கண்டிப்பு எளியவன் தலையில் விழுந்ததே இல்லையா? விழுந்திருக்கிறது. 1962 நவம்பரில் மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்ற ஜெர்மானியர் சூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் போகிற வழியில் பம்பாயில் விமானத்துக்குள்ளேயே பிடிபட்டார். சட்டைக்கு உள்ளே 34 கிலோ தங்கம். இந்தியா வழியாகப் போகும் தங்கத்தையும் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி அறிவிக்கை அரசிதழில் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியாது என்றார். உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், இந்தச் சட்டத்தில் மனத்தில் தீய எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்று அவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். தண்டனையை மட்டும் ஏற்கெனவே இருந்த காலத்தோடு முடித்துக்கொண்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். அந்தத் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு நாதுலால் என்ற தானிய வியாபாரியின் வழக்கு வந்தது. லைசென்சுக்கு விண்ணப்பித்து, பணமும் கட்டி, கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் கோதுமை இருப்பு வைத்தவர். அவருக்குக் குற்ற மனம் இல்லை என்று விடுதலை கிடைத்தது. இரண்டையும் ஒரே உட்காரலில் படி. எண்ணத்தைப் பார்க்காத கண்டிப்பு எங்கே தேவை, எங்கே அநியாயம் என்பதில் நீதிபதிகளே ஒரு முடிவுக்கு வராமல் திணறியது தெரியும்.

நம் கரையில் இதைவிடக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது, கடல் அட்டை. 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். அதுவரை அது பாக் நீரிணைக் கரையில் பலருக்குப் பிழைப்பு. தடைக்குப் பிறகு, கையில் இருந்தால் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் பிடிபட்டவர். அக்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிக்கொண்டு அதே அட்டையை எடுக்கலாம். அழிந்துகொண்டிருக்கும் ஓர் உயிரைக் காக்க இந்தக் கடுமை தேவை என்பதற்கு நல்ல வாதம் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் கவனி. அட்டையை அவித்துக் காயவைத்தவன் பெயர் வரும். வாங்கி அனுப்பிக் காசு பார்த்தவன் பெயர் எத்தனை தடவை வருகிறது? பலம் உள்ள இடத்தைத் தேடிப் போகாமல் கைக்கு எட்டிய இடத்தில் நின்றுவிடும் கண்டிப்பு, சட்டப் புத்தகத்தில் இருந்தாலும் நம் பேச்சு வழக்கின் கண்டிப்பாகவே ஆகிவிடுகிறது.

அப்பா விஷயத்துக்கும் இதே அளவுகோல்தான். மச்சான்மீது எனக்கு மரியாதை உண்டு, அவர் பயமும் புரிகிறது. இருந்தாலும் விதி என்று ஒன்று இருந்தால், பயத்துக்கு என்ன காரணமோ அதன்மேல் விழ வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் பஞ்சாயத்திடம் கண்டிப்பு காட்டலாம். பஸ் ஸ்டாண்டில் வம்பு செய்கிறவனிடம் காட்டலாம். உன் தம்பிக்கும் சேர்த்து ஒரு நேரம் வைக்கலாம். இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாதே. நான் எழுதியதாகவே படித்துக் காட்டு.

இனி, இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பலம் உள்ளவர்மீது கண்டிப்பு விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சோழமண்டலக் கரையே சாட்சி. தொண்ணூறுகளில் இறால் குட்டைகள் பெருகின. மீமிசலிலிருந்து மணமேல்குடி வரை சாலையில் போகும்போது நீயே பார்க்கிறாய்: கரை கட்டிய சதுரக் குட்டை, நடுவே தண்ணீரை அடித்து நுரைக்கவைக்கும் ஏரேட்டர் சக்கரம், ஓரத்தில் கழிவுத் தண்ணீரை ஓடைக்குத் தள்ளும் குழாய். அன்று வளர்த்தது கறுப்பு வரி இறால். 2009க்குப் பிறகு வெனாமி. குட்டைக்குக் கடல் தண்ணீர் ஏற்றினால், உப்பு அந்தக் குட்டையோடு நிற்காது. பக்கத்து வயல் வரப்பில் வெள்ளையாகப் பூக்கும், கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். ரைலண்ட்ஸ் தேக்கத்திலிருந்து தண்ணீர் இறங்கியது போலத்தான், இங்கே உப்பு இறங்குகிறது.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன், கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில் இந்தக் குட்டைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அவரும் கிருஷ்ணம்மாளும் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த தம்பதி என்பது உனக்குத் தெரிந்திருக்கும். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்புச் சொன்னது. 1991 கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கைப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது. பாரம்பரிய முறைப் பண்ணைகள் தவிர அந்தப் பகுதியில் உள்ளவை 1997 மார்ச் 31க்குள் இடிக்கப்பட வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது. கெடுத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. பண்ணை மூடினால் வேலை போகும் தொழிலாளிக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு கூடுதலாக ஆறு ஆண்டுக் கூலி கொடு என்று முதலாளிக்கு உத்தரவிட்டார்கள். கண்டிப்பு எவன்மீது, கருணை எவன்மீது என்று பிரித்துத் தெரிந்தவர்கள் எழுதிய தீர்ப்பு அது.

அடுத்து நடந்ததைக் கேள். 1997லேயே நாடாளுமன்றத்தில் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு ஆணையம் அமைக்கும் மசோதா வந்தது. தீர்ப்பு முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறியது. 1991 அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று, 1991லிருந்தே அமலுக்கு வந்ததாகப் பின்தேதியிட்டுத் திருத்தினார்கள். 500 மீட்டர் இருந்த இடத்தில் 13ஆம் பிரிவு 200 மீட்டர் என்றது. அதற்கும் ஏற்கெனவே இருந்த பண்ணைகளுக்கு விலக்கு. பதிவு செய்யாமல் பண்ணை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்றிருந்ததை 2023 திருத்தம் எடுத்துவிட்டு அபராதம் ஆக்கியது. நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு; ஏற்றுமதி, வேலைவாய்ப்பு என்று சொன்ன காரணங்களும் வெறும் சாக்கு அல்ல. நம் பக்கத்து ஆட்களே எத்தனை பேர் அந்தக் குட்டைகளில் சம்பளம் வாங்குகிறார்கள்! ஆனால் வழக்குப் போட வந்த வக்கீலாக இல்லாமல், படிக்கிற மாணவியாக நீ ஒன்றைக் குறித்துக்கொள். அட்டை பொறுக்கியவன் தலையில் நிரூபிக்கும் பாரத்தை ஏற்றிய சட்டம், குட்டை வைத்தவருக்கு மீட்டரைக் குறைத்து, தேதியைப் பின்னுக்குத் தள்ளி, சிறையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. இரண்டும் ஒரே கரை.

அதனால் பேப்பரில் "கடும் நடவடிக்கை" என்று கொட்டை எழுத்தில் பார்த்தால் உடனே சந்தோஷப்படாதே, கோபப்படவும் வேண்டாம். யார்மீது, எந்தப் பிரிவில், நிரூபிக்க வேண்டியவர் யார், இதே விதி விதித்தவரையும் கட்டுமா என்று கேட்டுப் பார். நீ வக்கீலானாலும் நீதிபதியானாலும், எதுவும் ஆகாமல் மீமிசலிலேயே கடை வைத்தாலும் அந்தக் கேள்விகள் உதவும்.

ஒரு வேலையும் தருகிறேன். 2005 சட்டத்தை, 2023 திருத்தத்தோடு சேர்த்து வைத்து 13ஆம் பிரிவை வரி வரியாகப் படி. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பகலிலேயே ஒரு பண்ணைக்குப் போ. பதிவுச் சான்று காட்டச் சொல்லிக் கேள். கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார். பக்கத்து வயல்காரரிடம் கிணற்றைப் பற்றி விசாரி. குட்டையில் வேலை செய்கிறவரிடம் கூலி எவ்வளவு என்றும் கேள். இந்த நான்கையும் தனித்தனித் தாளில் எழுதி எனக்கு அனுப்பு. கண்டிப்பைக் கோட்டைவிட்ட இடம் சட்டத்திலா, அமலிலா என்று அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா